எங்கட குதிக்கால்

படிவத்தில் ஐந்தாம் கேள்வி:
தகப்பன் உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால்
எத்தனை வயதில், எதனால்.

முப்பத்தெட்டு என்று எழுதினேன்.
பிறகு ஷெல் என்று.
அந்த ஜெர்மன் சொல் எனக்குப் பாடம்,
அகதி விண்ணப்பத்தில் அதுதான் பதில்.
இங்கே, வூப்பர்ட்டாலில்,
இதய மருத்துவரின் மூன்றாம் மாடியில்
அது பதில் இல்லையாம்.

"அதற்கு முதல் அவருக்கு என்ன வருத்தம் இருந்தது?"
டொக்டர் ஹோல்ஷர் பேனாவைத் திறந்தபடி கேட்டார்.

அதற்கு முதல்
ஒரு வருத்தமும் வரவில்லை.
வர நேரம் இருக்கவில்லை.
பெரியப்பா முப்பத்தொன்று.
சின்னையா இருபத்திநாலு, கடலில்.
எங்கள் வீட்டு ஆண்களின் இரத்தம்
தன் குணம் காட்டும் வயதுக்குப் போனதே இல்லை.

யன்னலுக்கு வெளியே தொங்கு ரயில்
ஆற்றின் மேலே ஆடிக்கொண்டு போனது.

சப்பாத்தைக் கழற்றச் சொன்னார்.
குதிக்காலுக்கு மேலே, பின்நரம்பை
இரண்டு விரலால் பிடித்து அமத்தினார்,
சந்தையில் முருங்கைக்காய் பார்க்கிற மாதிரி.
"இந்தத் தடிப்பு எப்போதிலிருந்து?"

எனக்குச் சிரிப்பு வந்தது.
டொக்டர், அது எங்கட அடையாளம்.
தேருக்கு வெறுங்காலோடு முன்னுக்குப் போறவனை
பின்னால் நின்று பார்த்தே
"கனகசூரியத்தின்ர ஆள்" என்று சொல்லுவினம்.
உழைக்கிற கால் என்று அம்மாவுக்குப் பெருமை.
அப்பாவின் கண்ணிமையில், மூக்கோரமாய்
மஞ்சளாய் இரண்டு பொட்டு.
பொன் ஒட்டியிருக்கு, காசு வரும் என்பா.
காசு வரவில்லை.

அவர் எழுதத் தொடங்கினார். நிமிரவில்லை.
கொழுப்பு என்றார்.
நரம்பில் படியும், இமையில் படியும்,
நெஞ்சுக் குழாயிலும் படியும்
(அங்கே யாரும் பார்த்துப் பெருமைப்படுவதில்லை,
இது நான் சேர்த்தது).
பரம்பரையாய் வரலாம். வீட்டில் கேட்டு வாருங்கள்.

அன்றிரவு பேர்கனுக்கு எடுத்தேன், மச்சாள் யசோதினிக்கு.
மாமி எதனால்?
"அம்மா நித்திரையிலேயே போனவ. நல்ல சாவு."
எத்தனை வயது?
"நாற்பத்தொன்பது."
நல்ல சாவு என்ற சொல் அப்போதுதான்
இரண்டு பேருக்கும் கேட்டது.
கொஞ்ச நேரம் போனில் மழை மட்டும்,
அவளுடையதோ என்னுடையதோ.

ஸ்காபரோவில் தவநேசன்:
"எனக்கு ரெண்டு ஸ்டென்ட் வைச்சிருக்கு.
வெளியில சொல்லிப்போடாதை.
மூத்தவளுக்குப் பேச்சு நடக்குது."

செவ்வாய் எங்கே நிற்கிறதென்று
விடிய விடியச் சண்டை பிடிப்போம்.
ஸ்டென்ட் எங்கே நிற்கிறதென்று வாய் திறவோம்.

அப்பா இருந்திருந்தால்
ஐம்பதில் ஒருநாள் படியில் நெஞ்சைப் பிடித்து இருந்திருப்பார்.
சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்போம்.
அந்தப் பயம் எனக்கு வரவேண்டிய முதுசம்.
ஷெல் அதையும் சேர்த்துத்தான் கொண்டுபோனது.

மிதுஷா நீச்சலால் வந்து
ஈரத்தலையோடு சோபாவில் கால் நீட்டிக் கிடந்தாள். பத்து வயது.
குதிக்காலைத் தொட்டேன்.
மெல்லிசு, தாயினுடையது மாதிரி.
"கூசுது அப்பா, விடுங்கோ."
மெல்லிசை நம்பக்கூடாதாம். இந்த வயதில் கால் சொல்லாது,
இரத்தம் எடுத்துத்தான் பார்க்கவேண்டும்.
பாதிக்குப் பாதி.

நாள் கிடைத்தது, காலை எட்டேகால்.
"செவ்வாயோ?" என்றாள் மனைவி.
செவ்வாய்தான்.

எல்லோரும் படுத்த பிறகு
அவளுடைய தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்தேன்.
கடைசி வெற்றுப் பக்கத்தில் எழுதினேன்:
அப்பப்பா கனகசூரியம், முப்பத்தெட்டு, ஷெல்.
குதிநரம்பு தடிப்பு. இமையில் மஞ்சள்.
அவரின் தங்கை, நாற்பத்தொன்பது, நித்திரையில்.
தவநேசனின் பெயரை எழுதவில்லை,
ஸ்டென்டை எழுதினேன்.

அவள் தமிழ் வாசிக்கமாட்டாள்.
கீழே ஜெர்மனிலும் எழுதினேன்,
பொன் என்ற சொல்லை விட்டுவிட்டு.
லைட்டை நூர்க்கப் போனவன்
திரும்பி வந்து அதையும் சேர்த்தேன்.